கம்பு சாய்ந்த பக்கம்

காதுக்குள் போன மணல் மூன்று நாளைக்கு வெளியே வராது, செயலாளர் அம்மா. நான்காம் நாள் தானாகவே தலையணையில் வந்து கிடக்கும். இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. எனக்கு இன்று காலைதான் வந்தது. சரி, காது சுத்தமானதோடு மனதையும் சுத்தம் செய்துவிடலாம் என்றுதான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர் நீங்கள். ஒருவர் சொன்னதை மாற்றாமல் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக்கொள்வீர்கள் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். நாளைக்கு இந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிற புது உறுப்பினருக்கும் புரிய வேண்டும் அல்லவா.

நம் கடற்கரை நடைச் சங்கத்தில் பதின்மூன்று பேர். வருடத்துக்கு ஒருமுறை, காற்று அதிகமாக இருக்கிற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறைமுகச் சுவரில் கிளம்பிக் கலங்கரை விளக்கம் வரை நடக்கிறோம். பதினாறு கிலோமீட்டர். காற்று இல்லாத மாதத்தில் யார் வேண்டுமானாலும் நடப்பார்கள் என்பது தலைவரின் வாதம். தலைவர் என்றால் டிரில் மாஸ்டர். அவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனால் அவருக்குக் கல்யாணம் எனக்கு ஒரு வருடம் முன்னால் நடந்துவிட்டது. அதனால் மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை, நான் சின்ன மாப்பிள்ளை. முப்பத்தொரு வருடமாக அவருக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அந்த ஸ்டூலின் ஒரு கால் குட்டை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சங்கத்திலும் அப்படித்தான். அவர் தலைவர், நான் உதவித் தலைவர். உதவித் தலைவர் என்றால் என்ன என்று வெளியாட்கள் கேட்பார்கள். பை தூக்குகிறவர் என்று அர்த்தம். தலைவர் கழுத்தில் விசில் தொங்கும், உதவித் தலைவர் தோளில் பை தொங்கும். பன்னிரண்டு வருடமாக என் இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிப் போயிருக்கிறது. தையற்காரர் அளவெடுக்கும்போது சொன்னார்.

இனி விதிகள். எல்லாம் டிரில் மாஸ்டரே எழுதியவை. தலைவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும், பின்தங்குகிற ஆளை விட்டுவிட்டு வரக் கூடாது. அது ஒன்று. மாலை ஆறு மணிக்குக் கலங்கரை விளக்கத்தில் விளக்கு ஏற்றுவதற்குள் தலைவர் வந்து சேராவிட்டால், விசில் அந்த இடத்திலேயே உதவித் தலைவருக்குப் போய்விடும். இதையும் அவரேதான் எழுதினார். தனக்கு அப்படி ஒரு நாள் வராது என்ற தைரியத்தில் எழுதியிருப்பார்.

மூன்றாவதாக, கம்பு. வழியில் படுத்து ஓய்வெடுப்பதற்கு முன்னால் கைக்கம்பை மணலில் குத்தி, போக வேண்டிய திசைப் பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். எழுந்ததும் கம்பு சாய்ந்த பக்கம் நடக்க வேண்டும். வெளியாட்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் நம் கடற்கரை எவ்வளவு அகலம் என்று உங்களுக்குத் தெரியும். கரையில் ஒரு மரம் கிடையாது, வீடு கிடையாது. காற்று அடிக்கிற நாளில் மணல் இடுப்பு உயரத்துக்குப் பறக்கும். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நம் காலடித் தடமே இருக்காது. சங்கம் ஆரம்பித்த வருடம் வங்கிக்காரர் தூங்கி எழுந்து வந்த வழியே திரும்பிப் போய்விட்டாரே, அதற்கு அப்புறம் வந்த விதி அது. அன்றைக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். துறைமுகத்து டீக்கடையில் டீ குடித்தோம். பெஞ்சு ஆடுகிறது என்று டிரில் மாஸ்டர் குனிந்து, ஒரு அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் சொருகினார். எங்கே போனாலும் இப்படி ஏதாவது செய்து நல்ல பேர் வாங்கிக்கொள்வார். என் ஸ்டூலுக்கு மட்டும் ஒரு அட்டை கிடைத்ததில்லை.

காற்று நேர் எதிரே, கலங்கரை விளக்கத்துப் பக்கமிருந்து வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. டிரில் மாஸ்டர் விசில் ஊதி, "பின்நடை" என்றார். அது அவருடைய கண்டுபிடிப்பு. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பது. முகம் துறைமுகத்தைப் பார்த்திருக்கும், கால் கலங்கரை விளக்கத்துக்குப் போகும். அப்படி நடக்கும்போது கடல் நமக்கு இடது கைப் பக்கம் இருக்கும். இதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். கண்ணைப் பற்றி நான் சொன்னால் நம் ஊரில் மறுபேச்சு கிடையாது. பத்து நிமிடம் நடந்ததும் நான் சகலையிடம் சொன்னேன்.

"சகலை, இந்த மணல்ல கண்ணாடி கீறல் விழுந்துடும். கழட்டிக் குடுங்க, பையில வெச்சுக்கறேன்."

"நீங்க சொன்னா சரிதான் சகலை" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். அவர் பவர் மைனஸ் ஐந்தரை. கண்ணாடி இல்லாவிட்டால் நாலு அடிக்கு அப்பால் எல்லாம் புகை. துறைமுகத்து கிரேனும் கலங்கரை விளக்கமும் அவருக்கு ஒன்றுதான், உயரமாக ஏதோ ஒன்று நிற்கிறது என்று தெரியும். உண்மையைச் சொன்னால் அந்த லென்ஸ் கீறல் விழாத வகை. நானேதான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

தண்ணீர் தெறிக்கிறது என்று போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். காதுக்குள் மணல் போகக் கூடாது என்று என் துண்டை நனைத்து அவர் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். கூடப் பிறந்த தம்பிக்குக்கூட யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டார்கள்.

பத்து மணிக்குப் பத்தாவது கிலோமீட்டர். அங்கே ஒரு உடைந்த படகு கவிழ்ந்து கிடக்கிறது இல்லையா, அதன் மறைவில்தான் தலைவர் வருடா வருடம் இருபது நிமிடம் தூங்குவார். மற்ற பதினொரு பேரும் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவித்த முட்டை சாப்பிட்டோம். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு. ஞாபகமாக எடுத்துக் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தேன். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

அவர் கம்பை நட்டார். சாய்த்தார். "மத்தியானத்துக்கு மேல காத்து திரும்பும் பாருங்க" என்றார். பன்னிரண்டு வருடமாக இதைச் சொல்கிறார். ஒரு வருடம்கூடக் காற்று திரும்பியதில்லை. பிறகு, "நீங்க முன்னாடி போய் ஆளுங்களைப் பாருங்க சகலை, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்தார்.

நான் கிளம்பினேன். தண்ணீர் பாட்டிலையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பை என்னோடு வந்தது. பை உதவித் தலைவரிடம் இருக்க வேண்டும் என்பது விதி.

அதற்கு அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்து, கம்பைத் தடவிப் பார்த்து, அது சாய்ந்த பக்கம் நடந்திருக்கிறார். காற்று முதுகில் அடித்திருக்கிறது. காற்று திரும்பிவிட்டது, நான் சொன்னது பலித்துவிட்டது என்று அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதுகில் காற்று இருந்தால் பின்நடை தேவையில்லை, நேராகவே நடக்கலாம். கடல் எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கிறார். காலையிலிருந்து இருந்த மாதிரியே இடது பக்கம். சந்தேகப்பட என்ன இருக்கிறது? துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே பத்து கிலோமீட்டர் துறைமுகத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

காற்று கம்பைச் சாய்த்திருக்கலாம் என்று முதலில் உங்களிடம் சொல்லலாம் என்றிருந்தேன். வரும் வழியெல்லாம் அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் காற்று சாய்த்த கம்பு அவ்வளவு ஆழமாக நிற்காது. அதைப் பிடுங்கி, இரண்டு சாண் ஆழத்துக்கு நட்டு, சுற்றி ஈர மணலைப் போட்டு மிதித்தது நான்தான். சாய்வையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். அவர் வைத்ததைவிட என் சாய்வு சுத்தமாக இருந்தது.

அவர் குறட்டை நிற்கவே இல்லை.

கலங்கரை விளக்கத்துக்கு நான் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ரொட்டி சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள், தலைவரைக் காணவில்லையே என்று. தலைவர் கடைசியில் வருவதுதான் விதி என்றேன். மூன்று மணிக்கு நம் பேக்கரிக்காரர், அங்கே யாரிடமாவது ஸ்கூட்டர் இரவல் வாங்கிப் போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். மணலில் சக்கரம் புதையும் என்றேன். புதையும்தானே? நாலு மணிக்கு அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. பையிலிருந்து எடுத்து நானே பேசினேன். பின்னால் வருகிறார் என்றேன். எவ்வளவு பின்னால் என்று என் மனைவியின் அக்கா கேட்கவில்லை.

அந்த மூன்று மணி நேரத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தரை மணியிலிருந்து நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், விளக்கு எப்போது எரியும் என்று. விசிலுக்கு என் சட்டையில் எந்த பட்டன் பொருத்தமாக இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கழுத்தில் போட்டால் கண்ணாடிக் கயிற்றோடு சிக்கும்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது யாரோ, "அதோ, ஒரு ஆள் போறாரு" என்றார்கள். பார்த்தேன். ஒரு முதுகு தெரிந்தது. யாரோ நம்மை விட்டுத் துறைமுகத்துப் பக்கம் போகிறார் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். ஆனால் போகப் போக அந்த முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் விசில் சத்தம் கேட்டது. பின்நடையில் வந்துகொண்டிருந்தார் மனுஷன்.

அவர் சொன்ன கதையை இந்த நாலு நாளில் நான் பதினொரு தடவை கேட்டுவிட்டேன். துறைமுகத்துக்கு ஒரு மணிக்குப் போயிருக்கிறார். கலங்கரை விளக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு டீக்கடைக்கார அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

"என்னம்மா, இங்கயும் ஒரு கடை போட்டிருக்கீங்களா?"

"இங்கதான் இருபது வருஷமா இருக்கு. காலையில இந்த பெஞ்சுலதானே உக்காந்து குடிச்சீங்க?"

அவர் நம்பவில்லை. மண்டி போட்டுக் குனிந்து, பெஞ்சுக் காலைக் கையால் தடவியிருக்கிறார். அவர் சொருகிய அட்டை அங்கேயே இருந்திருக்கிறது.

அந்த அம்மா, "உக்காருங்கய்யா, ஒரு வண்டி பிடிச்சுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். எந்தப் புத்தியுள்ள மனுஷனும் ஏறியிருப்பான். போன் பண்ணலாம் என்றால் ஒரு நம்பரும் அவருக்கு மனப்பாடம் இல்லை. இவர் என்ன சொன்னார் தெரியுமா?

"வண்டி ரோட்டு வழியா போகும்மா. என் சகலை பையைத் தூக்கிக்கிட்டு, என்னைக் காணோம்னு மணல்ல எங்கயாவது தேடிக்கிட்டு இருப்பாரு. என்னைவிட வயசானவரு. அவரை விட்டுட்டு நான் எப்படி வண்டியில போறது?"

டீகூடக் குடிக்காமல் திரும்பவும் நடக்க ஆரம்பித்துவிட்டார். பதினாறு கிலோமீட்டர், எதிர்காற்றில், முதுகைக் காட்டிக்கொண்டு. வழியில் கறுப்பாக எது கிடந்தாலும் கிட்டே போய்க் குனிந்து, நானா என்று பார்த்திருக்கிறார். ஒரு மரக்கட்டையோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் அது நான் இல்லை என்று கண்டுபிடித்தாராம்.

எனக்கு இதைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. மறைக்கவில்லை. யார் இவரைத் தேடச் சொன்னது? நான் சொன்னேனா? என் திட்டத்தில் அவர் துறைமுகத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கும் ஒரு சேதமும் இல்லை.

பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து நானே அவருக்கு மாட்டிவிட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இப்பதான் சகலை உங்க முகம் தெரியுது" என்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அதற்கு மேல்தான் கொடுமை. கம்பைத் தானே தப்பாக நட்டுவிட்டதாகச் சொன்னார். தலைவர் அப்படித் தவறு செய்யக் கூடாது, விதி எழுதின ஆளே விதியை மறந்துவிட்டேன் என்றார். விசிலைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "இனிமே நீங்கதான் சகலை" என்றார். என் கண்ணெதிரே, ஒரு முழத் தூரத்தில், பன்னிரண்டு வருட விசில்.

பதினொரு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பேக்கரிக்காரர் அழுதுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒருவன் கையை நீட்டி வாங்கிக்கொள்ள முடியுமா? "சேச்சே, என்ன சகலை இது, உங்ககிட்டதான் இருக்கணும்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எல்லோரும் கைதட்டினீர்கள். மேலே விளக்கு எரிந்தது. வாழ்க்கையில் நான் மரியாதைக்குச் சொன்ன வார்த்தைகளில் அதுதான் என்னை நாசமாக்கியது.

இப்போது வீட்டில் என் மனைவி மூச்சுக்கு மூச்சு, "அத்தான் முப்பத்தாறு கிலோமீட்டர் நடந்தாரு, உங்களைத் தேடிக்கிட்டு" என்கிறாள். கடைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் அவரைப் பற்றிக் கேட்கிறார்கள். அவரோ தினமும் காலையில் என் வீட்டுக்கு வருகிறார், நான் சரியாக இருக்கிறேனா என்று பார்க்க. நேற்று மாமனார் வீட்டுக்குப் போய், அந்த ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு அட்டையைச் சொருகிவிட்டு வந்தார். முப்பத்தொரு வருடம் கழித்து. இனி நான் எதை வைத்துக்கொண்டு வருத்தப்படுவது?

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை ஆயுட்காலத் தலைவர் ஆக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரே நாளில் முப்பத்தாறு கிலோமீட்டர் என்று பலகையில் அவர் பெயரைப் பொறிக்கப் போகிறீர்களாம். பலகைக்குச் சொல்லிவிட்டதாகவும் தெரிகிறது. அதனால்தான் ஓடி வந்தேன். மனசாட்சி உறுத்திற்று என்று எழுதினாலும் சரி, அது உங்கள் இஷ்டம். ஆனால் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

அமைதியாக யோசித்துப் பாருங்கள். நான் கம்பை மாற்றாமல் இருந்திருந்தால் அவர் எவ்வளவு நடந்திருப்பார்? எல்லோரையும் போலப் பதினாறு. படகிலிருந்து துறைமுகத்துக்குப் பத்து, துறைமுகத்திலிருந்து மறுபடி படகுக்குப் பத்து, ஆக இருபது கிலோமீட்டர் அவருடையது இல்லை. அவருக்கு அந்த எண்ணமே கிடையாது. யோசித்தது நான். பன்னிரண்டு வருடம் மனதில் வைத்திருந்து, நாள் பார்த்து, காற்றுப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி, கம்பைப் பிடுங்கி நட்டது நான். அவர் கால் மட்டும்தான் கொடுத்தார்.

எனவே பலகையில் அவர் பெயருக்கு நேரே பதினாறு என்று போடுங்கள். நானும் என் சொந்தக் காலால் பதினாறு நடந்திருக்கிறேன், அதோடு அந்த இருபதையும் சேர்த்தால் என் பெயருக்கு நேரே முப்பத்தாறு வருகிறது. ஆயுட்காலத் தலைவர் யார் என்பதை நான் என் வாயால் சொல்வது அழகாக இருக்காது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? அந்த விசிலை மட்டும், கொடுக்கும் முன்னால் ஒருமுறை கழுவிக் கொடுக்கச் சொல்லுங்கள். மணல் இருக்கும்.